கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு: நீண்ட காலக் கண்காணிப்புக்கு முழுமையான வழிகாட்டி

மாற்றுக் கல்லீரலில் கோளாறு தொடங்கினால் பெரும்பாலும் வலிக்காது. பசி எடுக்கும், தூக்கம் வரும், ஆள் வழக்கம்போல நடமாடிக்கொண்டிருப்பார். ரத்த ரிப்போர்ட்டில் மட்டும் இரண்டு மூன்று எண்கள் ஏறியிருக்கும். அந்த ஏற்றத்தை உடம்பு படுக்கும்முன் கண்டுபிடிக்கத்தான் இத்தனை கண்காணிப்பும். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடும் இடத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

என் கணவருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தியதிலிருந்து அவருடைய மாத்திரை, பரிசோதனை, பதிவு எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் புதிதாக டிஸ்சார்ஜ் ஆன குடும்பங்களோடு பேசுகிறேன். அவர்கள் எங்கே குழம்புகிறார்களோ அந்த இடங்களை இங்கே விரிவாகவும், தானாகப் புரிந்துவிடும் இடங்களைச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவும் பரிசோதனை இடைவெளியும் ஆளுக்கு ஆள் மாறும். இங்கே வரும் எண்கள் பொதுவான வழக்கம். உங்கள் மருத்துவக் குழு வேறு சொன்னால் அவர்கள் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு.

1. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே சேர்த்துவைக்க வேண்டியவை

வீட்டுக்கு வந்தபின் தேடலாம் என்று விடாதீர்கள். முதல் வாரத்தில் எல்லோரும் களைத்திருப்பார்கள், அப்போது எதையும் தேட முடியாது.

பொருள்கள்: டிஜிட்டல் தெர்மாமீட்டர், கையில் கட்டும் ரத்த அழுத்தக் கருவி, எடை பார்க்கும் கருவி, வாரம் முழுவதற்கும் காலை மாலை அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி, ஒரு கெட்டி அட்டை நோட்டு. சர்க்கரை ஏறியிருந்தால் குளுக்கோமீட்டரும் வேண்டும். ஸ்டீராய்டு ஓடும் காலத்தில் இது பலருக்குத் தேவைப்படும்.

காகிதங்கள்: டிஸ்சார்ஜ் சுருக்கம், அறுவை சிகிச்சைக் குறிப்பு, கடைசி ரத்தப் பரிசோதனைகள், கடைசி டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும்) ஸ்கேன் ரிப்போர்ட். எல்லாவற்றையும் போனிலும் படமெடுத்து வையுங்கள். நடு இரவில் வேறொரு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், அங்கிருக்கும் டாக்டருக்கு நீங்கள் வாயால் சொல்வதைவிட இந்தக் காகிதங்கள்தான் உதவும்.

அப்புறம் கேள்விகள். இவற்றுக்குப் பதில் வாங்காமல் வார்டைவிட்டு வெளியே வராதீர்கள்: ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால் எத்தனை மணி நேரம் வரை போடலாம்? போட்டபின் வாந்தி எடுத்தால் எத்தனை நிமிடத்துக்குள் என்றால் திரும்பப் போட வேண்டும்? எவ்வளவு காய்ச்சல் வந்தால் கூப்பிட வேண்டும்? இரவில் எந்த எண்ணைக் கூப்பிடுவது? எந்தெந்த மாத்திரை ஆயுள் முழுக்க, எவை சில மாதங்களுக்கு மட்டும்? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. பூஞ்சை, வைரஸ் தடுப்பு மாத்திரைகளில் சிலவற்றை ஒரு கட்டத்தில் நிறுத்துவார்கள். எது எப்போது நிற்கும் என்று தெரியாவிட்டால், தொடர வேண்டியதை நிறுத்திவிடவும் நிறுத்த வேண்டியதைத் தொடரவும் வாய்ப்புண்டு.

2. மாத்திரை நேரத்தை முதலில் நிலைநிறுத்துங்கள்

மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. புதுக் கல்லீரலை உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்நியமாகவே பார்க்கும். அதை அடக்கிவைப்பது டாக்ரோலிமஸ், சிலருக்கு சைக்ளோஸ்போரின் அல்லது எவரோலிமஸ். கூடவே மைக்கோபீனோலேட், ஸ்டீராய்டு. ஸ்டீராய்டைப் பலருக்குச் சில மாதங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அதை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால், சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதை மறந்துபோன அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்காமல் ஆள் சுருண்டுவிடக்கூடும்.

சாதாரண டாக்ரோலிமஸை 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை போடுவார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தால் உடம்பு கல்லீரலை நிராகரிக்கும். கூடினால் சிறுநீரகம் அடிவாங்கும், கை நடுங்கும், தலைவலிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் குறுகலானது, அதனால்தான் கடிகாரத்துக்கு இத்தனை மரியாதை. காலை 8, இரவு 8 என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் எல்லோரும் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து எடுங்கள். பரிசோதனை நாளில் காலை வேளையைத் தாமதமாகத்தான் போடுவீர்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சாப்பாடு இந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் போடுவதா, சாப்பாட்டோடா என்று குழுவிடம் கேட்டு, ஒரே முறையைத் தினமும் கடைப்பிடியுங்கள். ஒருநாள் வெறும் வயிறு, மறுநாள் வயிறு நிறையச் சாப்பிட்டபின் என்று மாறினால் அளவும் ஏறி இறங்கும். டாக்டரோ அதை நோயென்று நினைத்து மருந்தை மாற்றுவார்.

இங்கே திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்:

மறந்த வேளையை ஈடுகட்ட அடுத்த வேளையில் இரண்டு மடங்கு போடுவது. கூடவே கூடாது.

மருந்துக்கடையில் "அதே மருந்துதான், வேறு கம்பெனி" என்று தருவதை வாங்கிவிடுவது. டாக்ரோலிமஸில் கம்பெனி மாறினாலே ரத்த அளவு மாறலாம். ஒரு நாளைக்கு ஒரு வேளை போடும் மெதுவாகக் கரையும் வகையும் இருக்கிறது. அதுவும் இரண்டு வேளை வகையும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. அட்டையில் பெயர், மில்லிகிராம், வகை மூன்றையும் பழைய அட்டையோடு ஒட்டவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், குழுவிடம் சொல்லிவிட்டு மாற்றி, மறுபடி ரத்த அளவு பார்க்க வேண்டும்.

மாத்திரை தீரும் நாளன்று கடைக்குப் போவது. எப்போதும் இரண்டு வாரத்துக்கான மருந்து மிச்சம் இருக்கட்டும்.

3. பரிசோதனை நாளின் வரிசை

இந்த ஒரு பகுதியை மட்டும் அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டினாலும் தகும். காரணம், இங்கே வரிசை மாறினால் ரிப்போர்ட் முழுவதும் தவறான கதையைச் சொல்லும்.

டாக்ரோலிமஸ் அளவை அடுத்த வேளை போடுவதற்குச் சற்று முன்னால்தான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மருந்து ரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும். டாக்டர்கள் வைத்திருக்கும் இலக்கு அந்தக் குறைந்தபட்ச அளவுக்கானது. மாத்திரை போட்டு ஒன்று இரண்டு மணி நேரத்தில் ரத்தம் கொடுத்தால் எண் எக்கச்சக்கமாக வரும். அதைப் பார்த்து மருந்தைக் குறைத்தால், உண்மையில் சரியாக இருந்தவருக்குப் போதாமல் போய்விடும்.

வரிசை இப்படி இருக்கட்டும்:

முந்தின இரவு: மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டு, போட்ட நேரத்தை நோட்டில் எழுதுங்கள்.

காலை: காலை வேளை டாக்ரோலிமஸைப் பெட்டியில் போடாமல் தனியாக ஒரு சிறு டப்பாவில் எடுத்துப் பையில் வையுங்கள். பெட்டியில் இருந்தால் தூக்கக் கலக்கத்தில் கை தானாகப் போட்டுவிடும். ரத்த அழுத்த மாத்திரை போன்ற மற்றவற்றைக் காலையிலேயே போடலாமா என்பதைக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

லேபில்: ரத்தம் எடுப்பவரிடம் "இன்னும் மாத்திரை போடவில்லை, கடைசி வேளை நேற்று இரவு 8 மணி" என்று சொல்லிப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். டாக்ரோலிமஸுக்கு முழு ரத்தம் வேண்டும், அதனால் பெரும்பாலும் ஊதா மூடி போட்ட குழாயில் எடுப்பார்கள். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் வேறு நிற மூடிக் குழாய்க்குப் போகும். ஊதா மூடிக் குழாய் ஒன்று எடுத்ததும், அது ரத்த அணுக்களின் எண்ணிக்கைக்கு மட்டும்தானா, டாக்ரோலிமஸும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். விட்டுப்போனால் இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும்.

ரத்தம் எடுத்த உடனே: டப்பாவில் இருக்கும் மாத்திரையைப் போடுங்கள். வீட்டுக்குப் போய்ப் போடலாம் என்று கிளம்பினால் வழியிலேயே மறந்துபோகும். ரத்தம் எடுத்த நேரம், மாத்திரை போட்ட நேரம் இரண்டையும் எழுதுங்கள்.

முடிந்தவரை ஒரே லேபுக்குப் போங்கள். டாக்ரோலிமஸை அளக்கும் முறை லேபுக்கு லேப் வேறுபடும். ஒரே ரத்தத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் வருவது சகஜம். லேப் மாறினால் ஏற்றத்தாழ்வு உடம்பினுடையதா கருவியினுடையதா என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? தொடக்கத்தில் வாரம் ஒன்று அல்லது இரண்டு, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று, ஓராண்டு அமைதியாகக் கடந்தபின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று என்பது பொதுவான போக்கு. மருந்தின் அளவை மாற்றினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, புது மருந்து சேர்ந்தாலோ அட்டவணையில் இல்லாவிட்டாலும் ஒரு பரிசோதனை வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து வெளியேறிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். டாக்ரோலிமஸ் விஷயத்தில் பெரும்பாலும் அளவு கூடத்தான் செய்யும், ஏனென்றால் அதைச் சிதைக்கும் வேலையில் ஒரு பகுதி குடலில்தான் நடக்கிறது. குடல் புண்ணாகியிருக்கும்போது அந்த வேலை சரியாக நடப்பதில்லை.

4. எண்களை வரிசையாக எழுதிப் படியுங்கள்

ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தனித்தனியாகக் கோப்பில் செருகி வைத்தால் எதுவும் தெரியாது. நோட்டில் ஒரு பக்கத்தைப் படுக்கைவாட்டில் திருப்பி, மேலே தேதிகள், இடது ஓரத்தில் பெயர்கள் என்று கோடு போடுங்கள்: பிலிருபின், ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., ஏ.எல்.பி., ஜி.ஜி.டி. (இதுவரை ஐந்தும் கல்லீரல் எண்கள்), கிரியாட்டினின் (சிறுநீரக எண்), பொட்டாசியம், மெக்னீசியம், சர்க்கரை, ஹீமோகுளோபின், வெள்ளணு, தட்டணு, டாக்ரோலிமஸ் அளவு. கடைசி வரி அன்றைய மருந்தின் அளவு. அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் மேலே இருக்கும் டாக்ரோலிமஸ் எண்ணுக்குப் பொருளே இல்லை.

இப்படி எழுதினால் போக்கு கண்ணில் படும். ஏ.எல்.டி. 18, 20, 19 என்று இருந்தவருக்கு 38 வந்தால் லேப் அதைச் சிவப்பில் காட்டாமல் இருக்கலாம், அவர்கள் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு அது இரட்டிப்பு. தன்னுடைய வழக்கமான எண் எது என்று தெரிந்தவர்தான் இதைக் கேள்வியாக எழுப்ப முடியும். மறுபடி பார்த்துவிடலாமா என்று குழுவிடம் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

டாக்ரோலிமஸ் பக்கத்தில் லேப் அச்சிடும் எல்லை மிக அகலமாக இருக்கும், அதைப் பார்க்காதீர்கள். பல மையங்களில் முதல் மாதத்தில் மில்லிலிட்டருக்கு 6 முதல் 10 நானோகிராம் வரையும், அதற்குப் பிறகு 4 முதல் 8 வரையும் வைக்கிறார்கள். ஆண்டுகள் போகப்போகவும், சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கும் இன்னும் கீழே கொண்டுபோவதுண்டு. உங்கள் இலக்கை டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். அது மாறும்போதெல்லாம் மாற்றுங்கள்.

கல்லீரல் எண்கள் ஏறினால் காரணம் பல இருக்கலாம்: நிராகரிப்பு, பித்தநாளம் தைத்த இடத்தில் சுருக்கம், ரத்தக் குழாயில் அடைப்பு, வைரஸ் தொற்று, மருந்தின் பாதிப்பு, பழைய நோயின் திரும்பல். ஏ.எல்.பி.யும் ஜி.ஜி.டி.யும் முந்திக்கொண்டு ஏறினால் பித்தநாளத்தை முதலில் சந்தேகிப்பார்கள், ஆனால் எண்ணை வைத்து மட்டும் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. டாப்ளர், பித்தநாளத்துக்கான எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் பயாப்சி (கல்லீரலில் துளித் திசு எடுத்துப் பார்ப்பது) என்று போவார்கள். பயாப்சி என்றதும் பயந்து தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கிறேன். நிராகரிப்பை உறுதியாகச் சொல்வது அந்தத் துளித் திசுதான். நிராகரிப்பும் தொற்றும் ரத்தத்தில் ஒரே மாதிரி தெரியலாம், சிகிச்சையோ நேர் எதிர். ஒன்றுக்கு எதிர்ப்பை இன்னும் அடக்க வேண்டும், மற்றதற்கு அடக்குவதைக் குறைக்க வேண்டியிருக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. ஆரம்பத்தில் பிடிபட்ட நிராகரிப்பு பெரும்பாலும் மருந்திலேயே அடங்கிவிடும். முதல் மூன்று மாதத்தில் இது அதிகம் வருகிறது, பரிசோதனைகள் அப்போது நெருக்கமாக இருப்பதும் அதனால்தான்.

பொட்டாசியம் மட்டும் திடீரென்று கூடியிருந்தால் ரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்ததாலும் இருக்கலாம். டாக்ரோலிமஸும் அதை உண்மையிலேயே கூட்டும். எதுவென்று நீங்கள் ஊகிக்காமல் அன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள், திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

5. புது மருந்து எதுவானாலும் முதலில் குழுவிடம்

பல்வலி, சளி, தோல் அரிப்பு என்று வேறு டாக்டரிடம் போகும்போதுதான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. அந்த டாக்டர் கெட்டிக்காரராகவே இருக்கலாம், ஆனால் டாக்ரோலிமஸ் போடும் நோயாளியை அடிக்கடி பார்க்காதவராக இருப்பார். அவர் எழுதும் முன் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

டாக்ரோலிமஸ் அளவை ஏற்றுபவை: கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள். ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள். டில்டியாசம், வெராபமில் ஆகிய ரத்த அழுத்த மருந்துகள். கோவிட்டுக்குக் கொடுக்கும் ரிட்டோனவிர் கலந்த மாத்திரை இந்த வரிசையில் மிகக் கடுமையானது, டாக்ரோலிமஸை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாஸும் இதே வேலையைச் செய்யும், சாறாகக் குடித்தாலும் சரி.

அளவை இறக்குபவை: காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபினைட்டாயின், கார்பமாசெபின், பீனோபார்பிட்டால், மனச்சோர்வுக்கென்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை. இவற்றில் எதையாவது போட்டே ஆக வேண்டும் என்றால் டாக்ரோலிமஸைக் கூட்டி, அடிக்கடி அளவு பார்த்து நடத்துவார்கள். இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: அந்த மருந்தை நிறுத்தும் நாளிலும் அதே அளவு ஆபத்து இருக்கிறது. இறக்கிக்கொண்டிருந்தது போய்விட்டால், கூட்டிவைத்த டாக்ரோலிமஸ் சரசரவென்று ஏறும்.

வலி மாத்திரைகளில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் வேண்டாம். டாக்ரோலிமஸ் ஏற்கெனவே சிறுநீரகத்தை இறுக்கிக்கொண்டிருக்கிறது, இவை மேலும் இறுக்கும். பாராசிட்டமால் குழு சொன்ன அளவுக்குள் போடலாம். கல்லீரல் என்றாலே பாராசிட்டமால் கூடாது என்று பயந்து, அதற்குப் பதிலாக டைக்ளோஃபெனாக் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் நேரெதிர் திசையில் கொண்டுபோய் விடுகிறது.

எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான அசதியோபிரின் போடுகிறவருக்கு யூரிக் அமிலத்துக்கு அல்லோபியூரினால் சேர்த்தால் எலும்பு மஜ்ஜை அடங்கி வெள்ளணுக்கள் சரிந்துவிடும். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார், கேட்க வேண்டும் அவ்வளவுதான்.

"எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று சொல்லி விற்கும் எந்தச் சூரணமும் காப்சூலும் வேண்டாம். நாம் அடக்கிவைக்கப் பாடுபடுவதே அந்தச் சக்தியைத்தான். அன்போடு கொண்டுவந்து கொடுப்பவர்களிடம் இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம், மனம் நோகாமல் புரிந்துகொள்வார்கள்.

6. காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டிய வரிசை

முதலில் அளவிடுங்கள், பிறகு எழுதுங்கள், பிறகு கூப்பிடுங்கள், பாராசிட்டமால் கடைசி. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மாத்திரை முதலில் போனால் காய்ச்சல் மறைந்துவிடும், உள்ளே தொற்று வளர்ந்துகொண்டே இருக்கும்.

38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தால் காலை வரை காத்திருக்காமல் கூப்பிட வேண்டும். எதிர்ப்பு அடங்கிய உடம்பில் பெரிய தொற்றுக்கும் சிறு காய்ச்சலே வரலாம், சில நேரம் வராமலும் போகலாம். அதனால் குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு, குழப்பமான பேச்சு இருந்தால் தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் கிளம்புங்கள். குளிர் நடுக்கத்தோடு வரும் காய்ச்சல் பித்தநாளத் தொற்றின் அடையாளமாகவும் இருக்கும்.

கண் மஞ்சள், கறுத்த சிறுநீர், வெளிறிய மலம், உடம்பெல்லாம் அரிப்பு, வயிறு உப்புதல், கறுப்பு மலம், இரண்டு வேளைக்கு மேல் மாத்திரை வயிற்றில் தங்காத வாந்தி: இவற்றில் எது வந்தாலும் அன்றே கூப்பிடுங்கள்.

முதல் ஆறு மாதத்தில் சைட்டோமெகலோ வைரஸ் தொற்று ஒரு பெரிய கவலை. அதனால்தான் பலருக்கு வால்கான்சிக்ளோவிர் மூன்று முதல் ஆறு மாதம் வரை தருகிறார்கள். அதை நிறுத்தியபின் வரும் சில வாரங்களில் சோர்வு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் அந்த வைரஸை நினைவில் வைத்துப் பேசுங்கள். நிமோனியா தடுப்புக்குத் தரும் கோட்ரைமாக்சசோலையும் சொன்ன மாதம் வரை விடாதீர்கள்.

7. சாப்பாடும் சுத்தமும்

வேகாத இறைச்சி, வேகாத முட்டை, காய்ச்சாத பால், நாள்பட்ட மிச்சம் வேண்டாம். தண்ணீர் கொதித்தாறியதாகவோ நம்பகமாகச் சுத்திகரித்ததாகவோ இருக்கட்டும். தோட்ட மண்ணைக் கிளறும்போது கையுறையும் முகக்கவசமும் போடுங்கள், மண்ணிலும் மக்கிய இலையிலும் இருக்கும் பூஞ்சை நுரையீரலுக்குள் போகும். பூனையின் கழிவுப் பெட்டியை வேறு யாராவது சுத்தம் செய்யட்டும்.

முதல் சில வாரங்களில் இழந்த தசையை மீட்கப் புரதம் நிறைய வேண்டும். ஆனால் பசி திரும்பியதும் அதே வேகத்தில் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் எடை ஏறி, புதுக் கல்லீரலிலும் கொழுப்பு படியும். மதுவை எந்த நோய்க்காகக் கல்லீரல் மாற்றியிருந்தாலும் விட்டுவிடுவதே சரி.

8. தடுப்பூசிகள்

உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தவை கூடாது: தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ரூபெல்லா, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல், வாய்வழி போலியோ, பி.சி.ஜி., மூக்கில் அடிக்கும் இன்ஃப்ளூயன்சா மருந்து. பிள்ளைகளுக்கு இதில் சில விதிவிலக்குகளை நிபுணர்கள் முடிவுசெய்வார்கள்.

போட வேண்டியவை: ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா ஊசி, நிமோகாக்கஸ், ஹெபடைடிஸ் பி, கோவிட், உயிருள்ள கிருமி இல்லாத அக்கித் தடுப்பூசி. அறுவை சிகிச்சை முடிந்த உடனே போட்டால் உடம்பு சரியாக எதிர்வினை காட்டாது, அதனால் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் கழித்துத் தொடங்குகிறார்கள். வீட்டில் இருப்பவர்களும் தங்கள் ஊசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். நோயாளியின் உடம்பில் ஊசி அரைகுறையாக வேலை செய்தாலும், சுற்றி இருப்பவர்கள் கிருமியைக் கொண்டுவராமல் இருந்தால் அதுவே பாதிப் பாதுகாப்பு.

9. முதலாண்டுக்குப் பின் கவனம் மாறும் இடம்

ஓராண்டு கடந்ததும் கல்லீரல் எண்கள் அமைதியாகிவிடும், குடும்பமும் தளர்ந்துவிடும். உண்மையில் அதற்குப் பிறகு ஆளைச் சாய்ப்பவை பெரும்பாலும் கல்லீரலுக்கு வெளியே இருப்பவை: இதயம், சிறுநீரகம், புற்றுநோய், தொற்று.

ரத்த அழுத்தத்தை வீட்டில் வாரம் இரண்டு மூன்று நாள், உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்ந்தபின் எடுத்து எழுதுங்கள். பொதுவான இலக்கு 130/80-க்குக் கீழ்.

சர்க்கரையை ஆண்டுக்கு ஒரு முறையாவது பாருங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்களில் எச்.பி.ஏ.1சி.யை (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையை) மட்டும் நம்பாதீர்கள். ரத்தம் ஏற்றியிருந்தாலோ ரத்தசோகை இருந்தாலோ அது உண்மையான அளவைக் காட்டாமல் போகலாம்.

சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினினோடு சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். கிரியாட்டினின் 0.9, 1.1, 1.3 என்று ஆண்டுக்காண்டு நகர்ந்தால் ஒவ்வொரு முறையும் "பரவாயில்லை" என்றே தோன்றும். மூன்றையும் ஒரே வரிசையில் எழுதிப் பார்த்தால்தான் சரிவு தெரியும். சீக்கிரம் தெரிந்தால் டாக்ரோலிமஸைக் குறைத்து மைக்கோபீனோலேட்டோ எவரோலிமஸோ சேர்க்க வழி உண்டு. சிறுநீரகம் பெரிதாகத் தேய்ந்தபின் அந்த மாற்றத்தால் கிடைக்கும் பலன் குறைவு.

எலும்புக்கு டெக்சா ஸ்கேன், வைட்டமின் டி. கொழுப்புக்கு லிப்பிட் பரிசோதனை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் எழுதினால் அது உங்கள் மருந்தோடு ஒத்துப்போகும் வகைதானா என்று கேளுங்கள், சைக்ளோஸ்போரின் போடுகிறவர்களுக்குக் குறிப்பாக.

10. புற்றுநோய்ப் பரிசோதனைகள்

எதிர்ப்புச் சக்தி அடங்கியிருக்கும்போது தவறாக வளரும் செல்களைக் களையெடுக்கும் வேலையும் தளர்கிறது. தோல், வாய், நிணநீர் மண்டலம், குடல் ஆகியவற்றில் கவனம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை தோல் டாக்டர், வெயிலில் தொப்பியும் முழுக்கை உடையும் சன்ஸ்கிரீனும். ஆறாத வாய்ப்புண், கழுத்திலோ அக்குளிலோ கட்டி, காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் உடனே காட்டுங்கள். வயதுக்குரிய மார்பக, கர்ப்பப்பை வாய், குடல் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் நோயோடு குடல் அழற்சியும் இருந்தவர்களுக்குப் பெருங்குடலைக் குழாய்விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியை ஆண்டுதோறும் செய்வது வழக்கம்.

புகையிலை எந்த வடிவிலும் வேண்டாம். இதில் பேரம் பேசவே இடமில்லை.

11. பழைய நோய் திரும்பாமல் பார்ப்பது

முதலில் எதனால் கல்லீரல் கெட்டதோ அந்தக் காரணம் உடம்பில் இன்னும் இருக்கலாம். ஹெபடைடிஸ் பி இருந்தவர்கள் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிரை நிறுத்தவே கூடாது. "வைரஸ் இல்லை" என்று ரிப்போர்ட் வருவது அந்த மாத்திரை வேலை செய்வதால்தான். ஹெபடைடிஸ் சி-யை நேரடி வைரஸ் மருந்துகளால் பெரும்பாலும் 12 வாரத்தில் முழுதாகவே நீக்கிவிடலாம். கல்லீரல் புற்றுநோய்க்காக மாற்றியவர்களுக்கு முதல் சில ஆண்டுகள் குறிப்பிட்ட இடைவெளியில் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் ரத்தக் குறியீடு) பரிசோதனையும் வேண்டும். கொழுப்பு படிந்து கல்லீரல் கெட்டவர்களுக்கு எடையும் சர்க்கரையும்தான் காவல். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களும் திரும்பக்கூடியவை, அவை இருந்தவர்களுக்குக் குறைந்த அளவில் ஸ்டீராய்டைத் தொடர்வதுண்டு.

12. வேலை, உடற்பயிற்சி, பல், பயணம், குழந்தை

நடை முதல் நாளிலிருந்தே நல்லது. வயிற்றுத் தையல் உறுதியாகும் வரை, பொதுவாக முதல் இரண்டு மூன்று மாதம், கனமான எதையும் தூக்கக் கூடாது. தூக்கினால் தழும்பில் குடலிறக்கம் வரலாம். மூன்று மாதமளவில் பலர் வேலைக்குத் திரும்புகிறார்கள், ஆனால் இதில் அவசரமும் ஒப்பீடும் வேண்டாம்.

அவசரமில்லாத பல் வேலைகளை முதல் சில மாதம் தள்ளிவையுங்கள்.

பயணத்தில் மாத்திரை கைப்பையில் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல. நேர மண்டலம் மாறும்போது எப்படி நகர்த்துவது என்று கிளம்பும் முன் கேளுங்கள்.

குழந்தை வேண்டும் என்கிற பெண்கள் அதைக் கருத்தரித்தபின் சொல்வது மிகவும் தாமதம். மைக்கோபீனோலேட் கருவைச் சிதைக்கும், குறைபாடுகளை உண்டாக்கும். அதைக் கருத்தரிக்கும் முன் குறைந்தது ஆறு வாரமாவது நிறுத்தி, வேறு மருந்தில் கல்லீரல் அமைதியாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். மாற்று அறுவைக்குப் பிறகு குறைந்தது ஓராண்டு காத்திருக்கச் சொல்வார்கள். கல்லீரல் நோயால் மாதவிடாய் நின்றிருந்தவர்களுக்கும் புதுக் கல்லீரல் வந்த சில மாதங்களில் திரும்பிவிடும். அதை எதிர்பார்த்துக் கருத்தடைப் பேச்சை முன்னமே பேசிவிடுங்கள். இப்படித் திட்டமிட்ட பலர் ஆரோக்கியமான பிள்ளைகளைப் பெற்றிருக்கிறார்கள்.

13. ஆண்டுகள் கடந்தபின்

மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு சலிப்பு வரும். மாத்திரை எதற்கு, எண்கள் எல்லாம் சரியாகத்தானே இருக்கின்றன என்று தோன்றும். அந்த எண்கள் சரியாக இருப்பது மாத்திரையால்தான். சிலருக்கு மருந்தில்லாமலே கல்லீரல் ஒத்துப்போவது உண்மை. ஆனால் அப்படிப்பட்டவரை முன்கூட்டி உறுதியாகக் கண்டறிய முடியாது, அந்த முயற்சி நெருங்கிய கண்காணிப்பில் மட்டுமே நடக்கிறது. தானாக நிறுத்திப் பார்ப்பதில் போவது கல்லீரல்.

பதின்வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. அம்மா கையால் மாத்திரை வாங்கிப் போட்ட பிள்ளை, பெரியவர்களுக்கான மருத்துவப் பிரிவுக்கு மாறும்போதுதான் மருந்தை விட்டுவிடுகிறது. 12, 13 வயதிலேயே மாத்திரைப் பெயரும் அளவும் நேரமும் பிள்ளைக்குத் தெரியட்டும். பெட்டியை அதுவே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சரிபாருங்கள். 18 வயதில் திடீரென்று பொறுப்பைத் தூக்கிக் கொடுத்தால் தாங்காது.

மனச்சோர்வும் தூக்கமின்மையும் நோயாளிக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் வரும். அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சோர்ந்திருப்பவர்தான் முதலில் மாத்திரையை மறப்பார், ஆகவே இதுவும் கண்காணிப்பில் சேர்ந்ததே. கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தவர் வீட்டிலேயே இருந்தால் அவருடைய பரிசோதனைத் தேதிகளையும் இதே நோட்டில் எழுதுங்கள். எல்லோரும் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கொடுத்தவர் விட்டுப்போகிறார்.

ஊர் மாறினாலோ மருத்துவமனை மாறினாலோ பழைய இடத்தைவிட்டு வரும் முன் புதிய இடத்தில் முதல் சந்திப்புக்குத் தேதி வாங்கிவிடுங்கள். நோட்டின் எண் பக்கங்கள், தற்போதைய மருந்துப் பட்டியல், டாக்ரோலிமஸ் இலக்கு, எந்தக் காலத்தில் எந்தச் சிக்கல் வந்தது என்ற ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றின் நகலைப் புதிய டாக்டரிடம் கொடுங்கள். புதிய லேபில் முதல் பரிசோதனையை, பழைய இடத்தில் கடைசியாகப் பார்த்த சில நாள்களுக்குள் எடுத்துவிட்டால் இரண்டு லேபின் எண்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும், அடுத்த எண்ணை அதை வைத்துப் படிக்கலாம்.